ஐந்து வயதானவர்களுக்குப் பால் இல்லை

இப்போது லண்டனில் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் மதியச் சாப்பாடு இலவசம். நல்ல விஷயம்தான், பிள்ளைகள் சத்தாகச் சாப்பிட்டு வளரட்டும். ஆனால் என் மகள் பள்ளியால் வந்து, "இண்டைக்கும் பாஸ்தா" என்று முகத்தைச் சுளிக்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. பெற்ற பிள்ளையைப் பார்த்தே பொறாமைப்படுகிற அளவுக்கு அந்தக் கலையில் நான் சிறுவயதிலேயே தேறியவள்.

செவன் கிங்ஸில் ஒரே வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருந்தோம். மேல்மாடியில் நாங்கள், கீழே அம்மாவின் தங்கையான சித்தி, சித்தப்பா, அவர்களுடைய மகன். அவன் என்னைவிடச் சில மாதங்கள்தான் இளையவன். அந்தச் சில மாதங்களுக்காக நான் அக்கா ஆனேன். பொம்மைக் காரோ, கோழிக்காலோ, பஸ்ஸில் ஜன்னல் ஓரமோ எதுவானாலும், "நீ அக்கா எல்லே, விட்டுக் குடு" என்பதுதான் தீர்ப்பு. பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் நாங்கள் சரிசமம். ஒரே வகுப்பு, உட்காரவும் ஒரே கம்பளம். காலையில் ஆசிரியை எல்லாருக்கும் சின்னப் பெட்டியில் பால் தருவார். குளிர்ந்த பால், அதைக் குத்திக் குடிக்க ஒரு ஸ்ட்ரோ. அதைப்போல ருசியான பண்டம் உலகத்தில் வேறில்லை என்றிருந்தேன்.

என் பிறந்தநாள் வந்தது. மண்டபத்துக்கு இரண்டு தரம் செலவழிப்பானேன் என்று, அவனுடையதையும் என்னுடையதோடு சேர்த்தே கொண்டாடிவிட்டார்கள். ஒரே கேக்கில் பெரிய ஐந்து. இருவரும் ஒரே கத்தியைப் பிடித்துத்தான் வெட்டினோம். திங்கட்கிழமை பால் வந்தது. அவனுக்கு உண்டு, எனக்கு இல்லை. ஐந்து வயதானவர்களுக்கு அரசாங்கம் பால் தராதாம்.

இவனும் கேக் வெட்டினான், ஆகவே இவனுக்கும் ஐந்து வயது என்று ஆசிரியையிடம் சாட்சி சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அவன் உண்மையில் பிறந்தது மார்ச்சில் என்றார். காசு கட்டினால் எனக்கும் தருவார்களாம். அம்மாவிடம் கேட்டேன்.

"வீட்டில பெரிய கலனில பால் கிடக்கு. குடி எண்டால் ஓடுறாய். அங்க ஏன் காசு கட்டவேணும்?"

வீட்டுப் பால் யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது அவன் குடிக்கிற பால். அவனுடைய பிறந்தநாளுக்கு அவனைவிட நான்தான் ஆவலாகக் காத்திருந்தேன்.

இதற்கிடையில் குளிர்காலத்தில், கடைக்குச் சாமான் ஏற்றுகிற இடத்தில் பெட்டி தூக்கப்போய்ச் சித்தப்பாவுக்கு நாரி முறிந்தது. ஆஸ்பத்திரி, இடுப்புக்குப் பெல்ட், கைத்தடி. சித்தி அடுப்படியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கறி வைத்தாள். அவனுக்கோ நல்ல காலம் பிறந்தது. மதியத்துக்கு என்னோடு வீட்டிலிருந்து சம்பல் பூசிய பாண் துண்டு கொண்டுவந்தவன், பள்ளியில் சுடச்சுட மீனும் பட்டாணியும் வாங்குகிற வரிசைக்கு மாறினான். கடைசியில் மஞ்சள் கஸ்டர்ட் வேறு. பள்ளி விட்டதும் வாசலில் சித்தப்பா தடியோடு நிற்பார். என் அப்பா இரண்டு ஷிப்ட் பார்க்கிறவர்; அந்த வாசல் எந்தப் பக்கம் என்றே அவருக்குத் தெரியாது. அவனுக்குப் பாலும் கஸ்டர்டும் அப்பாவும், எனக்குச் சம்பல். கடவுளுக்குக் கண் இல்லை என்று நினைத்தேன்.

மார்ச் வந்தது. அவன் பால் இல்லாமல் விழிப்பதை ஆறுதலாகப் பார்த்து ரசிக்கவென்று கம்பளத்தில் வசதியாக உட்கார்ந்தேன். முதல் பெட்டியே அவன் கைக்குத்தான் போனது. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியையும் ஓடிவந்தார்.

அம்மா என்னை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"சித்தப்பாவால வேலைக்குப் போக ஏலாது, பிள்ளை. அப்பிடியான வீட்டுப் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்தில பாலும் சாப்பாடும் சும்மா குடுப்பினம். இதைப்பற்றிக் கீழ போய் ஒண்டும் கதைக்கக்கூடாது."

கீழே கதைக்கவில்லை. வழி தெரிந்த பிறகு கதை எதற்கு? வெள்ளிக்கிழமை எல்லாரும் கோயிலுக்குப் போனபோது பிள்ளையாருக்கு முன்னால் கண்ணை இறுக்கி மூடி நெடுநேரம் கும்பிட்டேன். என் பக்தியைக் கண்டு சித்தி உருகிப்போனாள்.

"என்ன கேட்டனி, குஞ்சு?"

"அப்பாவுக்கும் சித்தப்பா மாதிரி நாரி முறியோணும் எண்டு."

அம்மா கையை ஓங்கினாள். சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். சித்தப்பா ஒருவர்தான் சிரித்தார்.

"அடிக்காதேங்கோ அக்கா, சின்னப்பிள்ளை." பிறகு என் அப்பாவைப் பார்த்து, "என்ன அண்ணை, நாங்கள் ரெண்டு பேரும் மாறுவமே?" என்றார்.

எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு லேசாக முடிந்துவிட்டதே! ஆனால் அப்பா ஓம் என்று சொல்லவில்லை. நிலத்தைப் பார்த்தபடி, "ஷிப்டுக்கு நேரமாகுது, வாறன்" என்று அவசரமாகச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். வலியவந்த சீதேவியைக் காலால் உதைத்துவிட்டுப் போகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது.

சித்தப்பா தடியை ஊன்றிக்கொண்டு கோயில் வாசலிலேயே நின்றார். அப்பா ஓடுவதையும், பஸ்ஸில் தாவி ஏறுவதையும், பஸ் திரும்பி மறைவதையும் பார்த்தபடியே நின்றார். தம்பி பால் குடிக்கும்போது நான் பார்க்கிற அதே பார்வை. சித்தப்பாவுக்கு அப்படிப் பார்க்க என் அப்பாவிடம் என்ன இருந்தது என்று அன்று எனக்கு விளங்கவில்லை.