ஆறாவது வரியில் இரண்டு கோடுகள்

காட்டுக்குள் போக அரசாங்கத்திடம் பெர்மிட் வாங்க வேண்டும் என்று நான் சொன்னதும் அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்.

"காட்டுல கெடந்தது போதும்னுதான் ரப்பர் தோட்டத்த விட்டு பிரிக்பீல்ட்ஸ் வந்தோம். நீ பாரம் எழுதிக் குடுத்து, கியூவுல நின்னு, திரும்பவும் காட்டுக்குள்ளயா போற?"

இந்த மாதிரிப் பேச்சுகளை நான் மறப்பதில்லை. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்கு மேல் படித்ததெல்லாம் மனிதர்கள் வாயிலிருந்துதான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஆறு பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னச் சின்னக் குன்றுகளாக ஏறிக்கொண்டிருந்தோம். கொஞ்சம் தைரியம் வந்ததும், ஊலு லங்காட் பக்கம் உள்ள பெரிய மலையில் இரண்டு இரவு தங்குவது என்று முடிவெடுத்தோம். அது ஒதுக்குக் காடு, பெர்மிட் இல்லாமல் கால் வைக்க முடியாது. பெயர், ஐசி எனும் அடையாள அட்டையின் எண், முகவரி, பிரஜாவுரிமை எல்லாவற்றையும் ஒரே விண்ணப்பப் பாரத்தில் எழுதி, எல்லோருடைய ஐசி நகலையும் இணைத்து, இரண்டு வாரம் முன்னதாகக் கொடுக்க வேண்டும்.

பாரம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. காரணம், எங்கள் கூட்டத்தில் டைப்ரைட்டர் வைத்திருந்தவன் நான்தான். பழைய சாமான் கடையில் வாங்கி, நானாகவே தட்டித் தட்டிப் பழகியது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு.

நான்கு பேர் உடனே நகல் கொடுத்தார்கள். ஆறாவது ஆள் மட்டும் இழுத்தடித்தான். பண்டமாரானில் குடியிருந்து துறைமுகத்தில் லோரி ஓட்டிய நண்பன் அவன். எங்கள் ஆறு பேரில் அதிகம் சிரிப்பவன், அதிகம் சுமப்பவன். ஐசி கேட்டால் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்வான்.

"ஐசி இல்லாம துறைமுக கேட்ல உள்ள விடமாட்டான் லா. கைய விட்டுக் குடுக்க முடியாது."

"டே, நகல் எடுக்க அஞ்சு நிமிசம்டா."

"நம்பர் தரேன், எழுதிக்கோ."

சிகரெட் பெட்டி அட்டையில் எண்ணை எழுதிக் கொடுத்தான். கிள்ளான் துணிக்கடையில் வேலை பார்த்த இன்னொரு நண்பன் சும்மா இருப்பானா? "பயலுக்குக் காட்டு அட்டைன்னா பயம் மச்சான். ரத்தம் கம்மி, பாவம்" என்று கிண்டலடித்தான். நானும் சேர்ந்து சிரித்தேன். அவனும் எங்களோடு சிரித்தான் என்பதுதான் பிறகு என்னை உறுத்தியது.

பாரத்தைக் கொடுக்க வன இலாகா ஆபீசுக்குப் போனபோது, நகல் இல்லாதவர் பெர்மிட் வாங்கும் நாளில் ஐசியோடு நேரில் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவனிடம் சொன்னேன். "சரி, வரேன்" என்றான்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டேகாலுக்கு ஆபீசைத் தொழுகைக்காக மூடிவிடுவார்கள், திறக்க மூன்று மணியாகிவிடும். அவனுக்கு மதியம் லோரி எடுக்க வேண்டும். பதினொன்றரைக்கு ஆபீஸ் நடையில் உட்கார்ந்திருந்தோம். பாரத்தின் கார்பன் நகல் என் கையில் இருந்தது. அதைக் காட்டச் சொன்னான். ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டே வந்தவன், கடைசி வரியில் நின்றுவிட்டான்.

"மச்சான், இந்த ரெண்டு கோடு என்னா?"

"மேல உள்ளதேன்னு அர்த்தம்டா. ஆறு தடவ 'வார்கா நெகாரா'ன்னு அடிக்கணுமா? பிரஜைன்னு மேல ஒரு தடவ அடிச்சிட்டு, கீழ பூரா கோடு போட்டுட்டேன்."

அவன் சட்டைப் பையிலிருந்து ஐசியை எடுத்து என் தொடைமேல் வைத்தான். எங்கள் ஐந்து பேருடையதும் நீலம். அவனுடையது சிவப்பு.

"நான் பிரஜை இல்ல மச்சான்."

ரவாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். அப்பா பிறப்பைப் பதியவில்லை. சூராட் பெரானாக், அதாவது பிறப்புப் பத்திரம், இல்லாததால் சிவப்பு ஐசிதான் கிடைத்தது. பிரஜாவுரிமைக்கு மூன்று முறை எழுதிப் போட்டு, மூன்றாவது மனு அப்போது சர்க்கார் மேஜைமேல் இருந்தது.

"பிரஜைன்னு பொய் சொல்லி சர்க்காருக்கு எழுதிக் குடுத்தான்னு ஒரு பேப்பர் இருந்தா, முடிஞ்சிச்சி என் கத. அந்தப் பேப்பர் இப்ப உள்ள இருக்கு" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் தாங்க முடியவில்லை. ஐசியைக் காட்டாததற்குக் காட்டு அட்டையைக் காரணம் சொன்ன கிண்டலுக்குச் சிரித்த என் வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"நீங்க அஞ்சு பேரும் போங்க. என் பேர மட்டும் எடுத்துரு."

"பேர எடுத்தாலும் அந்தப் பேப்பர் அங்கதானே இருக்கும்? நீ வா" என்று அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனேன்.

அங்கே இருந்தவர் நடுத்தர வயது மலாய்க்காரப் பெண். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அக்கா என்று முறைவைத்து, எனக்குத் தெரிந்த மலாயில் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்: "காக், தப்பு என்னுது. இவன் இந்தப் பாரத்தப் பாக்கவே இல்ல. சோம்பேறித்தனமா நான்தான் கோடு போட்டுட்டேன்."

அவர் எங்கள் கோப்பை எடுத்துப் பார்த்தார். சிவப்பு ஐசியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். "எங்க பொறந்தீங்க?" என்று அவனைக் கேட்டார்.

"ரவாங்."

"ரவாங்கா? என் தங்கச்சிய அங்கதான் கட்டிக் குடுத்திருக்கு" என்று சொல்லிவிட்டு, பாரத்தையும் ஐசியையும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சுவரில் கடிகாரம் பன்னிரண்டைத் தொட்டது. பக்கத்து மேஜைக்காரர் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்தார். இவன் கவுண்டர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான், பள்ளத்தில் பிரேக் பிடிக்காத லோரியில் உட்கார்ந்தவன் மாதிரி.

அவர் திரும்பி வந்தார். பழைய பாரத்தை எங்கள் கண் முன்னாலேயே நான்காகக் கிழித்து, துண்டுகளை என் கையில் திணித்தார். "இத இங்க போடாதீங்க, வீட்டுல போய்க் கொளுத்துங்க" என்றார். புதுப் பாரம் ஒன்றை அவன் பக்கம் தள்ளினார். "உங்க வரிய நீங்களே எழுதுங்க. மத்தத அவர் எழுதட்டும். கோடு போடக் கூடாது."

அவன் எழுதவில்லை. "காக், சிவப்பு ஐசிக்கும் பெர்மிட் உண்டா?" என்று கேட்டான்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "காட்டுக்குள்ள எத்தன பேர் போறாங்கன்னு நாங்க எழுதுறது, அத்தன பேரும் வெளிய வந்தாச்சான்னு பாக்கத்தான். ஐசி நிறம் பாத்தெல்லாம் இங்க பெர்மிட் குடுக்குறது இல்ல. சீக்கிரம் எழுதுங்க, எனக்கும் பசிக்குது."

அவன் எழுதினான். நிரந்தரவாசி என்பதற்கான அந்த நீளமான மலாய்ச் சொற்களை எழுத்து எழுத்தாக, அடுத்த கட்டத்துக்குள் புகுந்துவிடாமல் எழுதினான். மீதி ஐந்து வரியையும் நான் கையால் எழுதினேன். ஐந்து முறை 'வார்கா நெகாரா'. கை வலித்தது, வலிக்கட்டும் என்று எழுதினேன். பன்னிரண்டு பத்துக்கு முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்தில் அவன் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். வழியில் அவன்தான் முதலில் சிரித்தான். "மச்சான், அந்த டைப்ரைட்டர வித்துரு லா."

"மன்னிச்சிருடா, அந்த அட்டப் பேச்சுக்கும் சேத்து."

"அட்டைக்கும் எனக்குப் பயம்தான்" என்றான். "அது பொய் இல்ல."

இரண்டு வாரம் கழித்து மலை ஏறினோம். பெர்மிட்டை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை. ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையில் சுற்றி நெஞ்சுப் பையிலேயே வைத்திருந்தான். இரண்டு இரவும் மழை, எங்கள் அரிசிகூட நனைந்துவிட்டது. அந்தத் தாள் நனையவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம், சேறும் அட்டை கடித்த ரத்தமுமாகக் காட்டின் வாசல் குடிசைக்கு இறங்கி வந்தோம். காவலர் பெர்மிட்டை வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார். கூப்பிட்டதும் கைதூக்க வேண்டும், அவர் பென்சிலால் ஒரு டிக் போடுவார். ஐந்து பெயர் முடிந்தது. ஆறாவது பெயரை அப்பா பெயரோடு சேர்த்து முழுதாக வாசித்தார்.

எங்கள் லோரிக்காரன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையை உயரத் தூக்கினான்.

"ஆறு பேர் உள்ள, ஆறு பேர் வெளிய" என்று சொல்லிவிட்டு, காவலர் அவன் பெயருக்கு நேரே டிக் போட்டார்.