பிடுங்காமல் விட்ட புல்

புல் வெட்டுவதற்கென்றே கப்பலேறி வந்தவள் நான். வெட்டமாட்டேன் என்று மலைச்சரிவில் நின்றவளும் நானே. முதலாவது பிழைப்பு. இரண்டாவதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், மலாயாவில், லகாட் ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டம். மரங்களுக்கிடையே பச்சை என்று ஒன்று தெரியக்கூடாது என்பது தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் சட்டம். அதைச் சட்டத்துக்கும் மேலே கொண்டுபோனவர்கள் புல்வெட்டுப் பெண்களாகிய நாங்கள். வாசல் பெருக்கிப் பழகிய கைகளாயிற்றே! மண்வெட்டியால் சுத்தமாகச் செதுக்கி, சருகையும் கூட்டித் தள்ளிவிட்டு, "என் நெரையில கோலமே போடலாம்" என்று அவரவர் மர வரிசையைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வோம். மலைச்சரிவை யாராவது வாசலாக்குவார்களா? நாங்கள் ஆக்கினோம்.

சரிவின் அடியில், ஓடைக்கரையில், காய்கறி போட வீட்டுக்கொரு துண்டு நிலம் விட்டிருந்தார்கள். என் துண்டு எல்லாவற்றுக்கும் மேலே, சரிவை ஒட்டி இருந்தது. அதற்குக் கீழே, எங்களை வேலை வாங்கும் கங்காணி வீட்டு அவரைப் பந்தல், அதற்கும் கீழே மற்றவர்களுடையவை. குடியிருந்த லயம் தோட்டத்துடையது, கையிலிருந்த மண்வெட்டியும் தோட்டத்துடையது. அந்தக் கொல்லை ஒன்றைத்தான் என்னுடையது என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் பெய்த மழையில் என் கீரைப் பாத்தி முழுக்கச் சிவப்புச் சேறு மூடிப்போயிற்று. விடுவிடுவென்று சரிவில் ஏறிப் பார்த்தேன். நாங்கள் செதுக்கிய இடமெல்லாம் மண் கரைந்து ரப்பர் வேர்கள் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. செதுக்காமல் விட்டுப்போன ஒரு மூலையில் மட்டும், குட்டைப் புல்லுக்கடியில், மண் கறுப்பாக, மண்புழுவோடு அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு என் கொல்லைக்கு மேலே, சரிவுக்குக் குறுக்கே, ஒரு பாய் அகலத்துக்குப் புல்லை வளரவிட்டேன். லாலான் புல் தலைகாட்டினால் வேரோடு பிடுங்கி எறிந்தேன். தோட்டத்தையே தின்றுவிடும் புல் அது. மற்ற புல்லைத் தொடவில்லை.

கங்காணி கண்ணில் பட்டது.

"என்னா புள்ள இது, காடு வளக்கிறியா? தொரை பாத்தா என் தலைதான் உருளும்."

"மண்ணு கீழ ஓடாம இருக்க விட்டிருக்கேன், கங்காணி."

"மண்ணு ஓடுறதும் நிக்கிறதும் ஒனக்கென்னா? நாளைக்குள்ள புல்லப் புடுங்கு. இல்லேன்னா கொல்லைய விட்டுரு."

கொல்லையைக் காப்பாற்ற வளர்த்த புல். அதைப் பிடுங்கினாலும் கொல்லை போகும், பிடுங்காவிட்டாலும் போகும். இதென்ன நியாயம்? இரண்டையும் விடுவதில்லை என்று முடிவுகட்டினேன்.

சாயங்காலம் பெண்கள் தண்ணீர் பிடிக்கும் குழாயடியில், நெடுக்காக வெட்டிய இரண்டு மண்ணெண்ணெய் டின்களை விறகின்மேல் சாய்த்து வைத்தேன். ஒன்றில் செதுக்கிய மண். மற்றொன்றில் புல்லோடு பெயர்த்த மண்.

"என்னாடி, மண்ணுக்குத் தலை முழுக்காட்டப் போறியா?" என்று சிரித்தார்கள்.

"ஆமா, பாருங்க லா."

இரண்டிலும் ஒவ்வொரு வாளி தண்ணீர் ஊற்றினேன். புல் இருந்த டின்னிலிருந்து லேசாகக் கலங்கிய நீர் மெதுவாக வடிந்தது. மற்றதிலிருந்து மண்ணே குழம்பாகக் கொட்டி, நின்றவர்களின் காலை நனைத்தது. சிரிப்பு அடங்கியது. கங்காணியின் மனைவி குனிந்து காலைக் கழுவிக்கொண்டே, "ஒன் பாத்திக்கு அடுத்தது என் அவரைதான?" என்று கேட்டாள். "ஆமாங்க்கா" என்றேன்.

மறுநாள் காலை நான் மண்வெட்டியைத் தொடவில்லை. கங்காணி மற்றப் பெண்களை ஏவினார். அவர்கள் வழக்கம்போலச் செதுக்கிக்கொண்டே வந்தார்கள். புல்லின் ஓரம் வந்ததும் அடுத்த நிரைக்குத் திரும்பிவிட்டார்கள்.

கங்காணிக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு தானே புல்லில் இறங்கினார். பந்தலடியிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"அதுல ஒரு வெட்டு வுழுந்துச்சு, ராத்திரிக்கு மண்ணத்தான் ஆக்கிப் போடுவேன்!"

ஓங்கிய மண்வெட்டி இறங்கவில்லை. மனிதர் அதை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "தொரை கேட்டா நான் என்னா சொல்றது?"

"புல்லு மொளைக்க யாரோட உத்தரவும் வேணாம், கங்காணி. புடுங்கத்தான் ஆள் வேணும். நாங்க மாட்டோம். தொரையவே வந்து புடுங்கச் சொல்லுங்க."

துரை வரவில்லை. வந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கீரை மறுபடி தழைத்ததும் முதல் கீரைக்கட்டைக் கங்காணி மனைவியின் கையில் கொடுத்தேன். அன்று இரவு அவர் வீட்டில் மண் சமைக்கவில்லை.