எங்கே என்று கேட்காத வண்டி

மலர்க்கொடிக்குக் கோபம் வந்தால் விசில் அடிப்பாள். சந்தோஷம் வந்தாலும் விசில்தான். எது எந்த விசில் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். குழந்தையாக இருந்தபோது ஒரு காய்ச்சல் வந்து இரண்டு காலையும் வலது கையையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. ஓடிப்போய் யாரையும் கூப்பிட முடியாது. அதனால் இடது கை விரல் இரண்டை வாயில் வைத்து ஊதப் பழகினாள். அவள் அப்பன் சுப்பிரமணி எட்டத்தில் கழனிக்கு மடை திருப்பிக்கொண்டிருந்தாலும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்துவிடுவான். பொம்பளைப் பிள்ளை விசில் அடிக்கலாமா என்று கேட்டவர்களிடம் நான்தான் சண்டைக்குப் போனேன். உன் காலைக் கழற்றி அவளுக்குக் கொடு, நடந்து வந்தே கூப்பிடுவாள் என்றேன். அப்புறம் யாரும் கேட்கவில்லை.

அவள் வீடும் என் வீடும் ஒட்டின மாதிரி இருக்கும். எங்கள் ஊர் மானாம்பதியிலிருந்து ஏரிக்கரை ஓரமாக உள்ளே தள்ளி இருக்கிறது. பள்ளிக்கூடம் மட்டும் சுப்பிரமணி அவளை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, தன் இடுப்போடு துண்டால் கட்டிக்கொண்டு போனான். பெண் பன்னிரண்டாவது முடிக்கும்போது அவனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது. அதோடு அவளுடைய ஊர்வலமும் நின்றது. வாசலில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். முப்பது வயது தாண்டிய பிறகும் உத்திரமேரூர் கடைத்தெருவை அவள் பார்த்தது விரல் விட்டு எண்ணுகிற தடவைதான்.

சும்மா இருக்கிற பெண் இல்லை அவள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த கம்ப்யூட்டரில் ஒற்றைக் கையால் தட்டித் தட்டி, இரண்டு கை இருக்கிறவர்களை விட வேகமாக எழுதப் பழகிவிட்டாள். உத்திரமேரூரில் இ-சேவை மையம் வைத்திருக்கிற கீதா அதைக் கேள்விப்பட்டு, நீ வந்தால் உனக்கு ஒரு நாற்காலி என்றாள். நாற்காலி இருந்தது. போவதுதான் எப்படி? பஸ்ஸின் முதல் படி என் இடுப்பு உயரம். சக்கர நாற்காலியை ஏற்ற கண்டக்டருக்கு நேரம் இருக்காது. மூன்று சக்கர ஸ்கூட்டர் ஓட்ட இரண்டு கை வேண்டும். ஷேர் ஆட்டோக்காரன் நாற்காலியைப் பார்த்ததும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவான். அவள் விசில் அடிப்பாள். அது கோப விசில்.

அப்போதுதான் பலகை வண்டி வந்தது.

காஞ்சிபுரத்தில் இருக்கிற ஒரு அறக்கட்டளை விட்ட வண்டி அது. நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள், என்னைப் போல இடுப்பு எலும்பு முறிந்து வாக்கரோடு நடக்கிறவர்கள் முதல் நாளே போன் செய்து சொன்னால், வீட்டு வாசலுக்கே வரும். பின் கதவைத் திறந்து ஸ்விட்சைத் தட்டினால் ஒரு இரும்புப் பலகை தரைக்கு இறங்கும். நாற்காலியோடு அதில் ஏறினால் அப்படியே மேலே தூக்கி உள்ளே விட்டுவிடும். ஓட்டுகிறவன் கலைச்செல்வன், நல்ல பிள்ளை. முதல் நாள் மலர்க்கொடி அந்தப் பலகையில் மேலே போனபோது அடித்த விசிலுக்கு, ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து போய்விட்டது.

பொங்கல் கழித்து வேலைக்குப் போக ஆரம்பித்தாள். பங்குனிக்குள் ஆளே மாறிவிட்டாள். பேச்சில் பாதி கடைத்தெரு சமாசாரம். எந்தக் கடையில் நாஷ்டா நன்றாக இருக்கும், எவன் சாதிச் சான்றிதழுக்கு வந்து பிறந்த தேதி தெரியாமல் விழித்தான், எல்லாம் சொல்வாள். அவள் அம்மா ஜெயம்மா, இவள் வாய் இப்படிப் பெரிசானதே அந்த வண்டியால்தான் என்று பெருமையாகத் திட்டுவாள்.

சித்திரையில் அறக்கட்டளை மேலாளர் ஐசக் வந்தார். தங்கமான மனுஷர், ஆனால் முகத்தில் சிரிப்பைத் தேட வேண்டும். வண்டியில் மலர்க்கொடி ஒருத்தியைத் தவிர அநேகமாக யாரும் ஏறுவதில்லை, ஒருத்திக்காக ஒரு வண்டி ஓட்ட முடியாது, ஆடி முடிவதற்குள் ஆள் சேராவிட்டால் வேறு வட்டாரத்துக்கு அனுப்பிவிடுவோம் என்றார்.

அன்றைக்கு மலர்க்கொடி விசிலே அடிக்கவில்லை. வண்டி போனால் அவளுக்கு மறுபடி வாசல்தான்.

வேடிக்கை என்னவென்றால், இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் வண்டி வேண்டியவர்கள் இருக்கிறார்கள். போனும் செய்கிறார்கள். காஞ்சிபுரத்தில் போன் எடுக்கிற பெண் கீர்த்தி அதைத்தான் சொன்னாள். கூப்பிடுகிறார்கள், வணக்கம் சொன்னால் பதில் வணக்கம் சொல்கிறார்கள், அப்புறம் லைன் கட்டாகிவிடுகிறது. திரும்பக் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

கலைச்செல்வன் டவர்மேல் பழி போட்டான். மலர்க்கொடியும் நம்பினாள். ஊர் ஊராக ஆள் விட்டு, தண்ணீர் டேங்க் பக்கம் நின்று போன் செய்யுங்கள், சிக்னல் நன்றாக வரும் என்று சொல்லச் சொன்னாள். நடக்க முடியாதவர்கள் வண்டியைக் கூப்பிட டேங்க் வரைக்கும் நடக்க வேண்டுமாம். நான் கேட்டேன், அங்கே போவதற்கு ஒரு வண்டி விடுவாயா என்று. பேஜார் பண்ணாதே ஆயா என்றாள்.

ஏரிக்கு அந்தாண்டை இருளர் குடியிருப்பில் இருசப்பன் இருக்கிறான். சர்க்கரையில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் செயற்கைக் காலுக்கு அளவு எடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். அவனும் போகவில்லை. ஒரு சாயங்காலம் மலர்க்கொடி வேலையிலிருந்து திரும்பும்போது வண்டியை அவன் வீட்டு வாசலுக்கே விடச் சொன்னாள். மானாம்பதியில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்ப நானும் அன்றைக்கு அந்த வண்டியில்தான் வந்தேன். எதிரே உட்கார்ந்து போன் செய் அண்ணே, எங்கே கட்டாகிறது பார்ப்போம் என்றாள். சத்தம் வெளியே கேட்கிற மாதிரி வைத்து அவனும் செய்தான்.

கீர்த்தி எடுத்தாள். குரல் பளிச்சென்று கேட்டது.

"வணக்கங்க. வண்டி வேணுங்களா? நீங்க எங்க போறீங்க?"

இருசப்பன் போனை வைத்துவிட்டான். வைத்ததோடு இல்லை, உள்ளே திரும்பி, தண்ணீர் கொண்டு வா என்று பெண்சாதியிடம் கேட்டான்.

"இன்னாண்ணே, பேசிக்கினு கீது அந்தப் பொண்ணு, நீ வச்சிட்ட?"

"பின்ன? காலு அளவு எடுக்கப் போறேன். கெளம்பறதுக்கு முன்னாடியே எங்க போறன்னு கேக்குது. அந்தக் காலு எனக்கு வெளங்குமா?"

மலர்க்கொடிக்கு இது புதுசு. அவளிடம் கீர்த்தி அந்தக் கேள்வியைக் கேட்டதே இல்லை. தினமும் போகிற பெண், நாளைக்கும் உண்டா அக்கா என்பதோடு சரி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் பக்கம் கிளம்புகிறவரை எங்கே என்று கேட்க மாட்டோம். கேட்டுவிட்டால் போகிற காரியம் நடக்காது. திரும்பி வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தால், தூரமா என்று கேட்போம். இஷ்டம் இருந்தால் அவர்களே சொல்வார்கள். நானும் கண் ஆஸ்பத்திரிக்குப் போக அந்த நம்பரைக் கூப்பிட்டு, அந்தக் கேள்வி வந்ததும் வைத்தவள்தான். மானாம்பதிக்குக்கூட கலைச்செல்வனைத் தெருவில் மடக்கி ஏறினேனே தவிர, போன் செய்யவில்லை. மலர்க்கொடி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நீயுமா ஆயா என்றாள். ஆமாம் என்றேன். கண்ணுக்குக் கத்தி வைக்கப் போகிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? இன்றைக்குக் கேட்டாலும் போனை வைப்பேன்.

மலர்க்கொடி அங்கேயே கீர்த்தியைக் கூப்பிட்டுச் சொன்னாள். கீர்த்தியும் எங்கள் பக்கத்துப் பெண்தான், தாமல் ஊர். எங்கள் வீட்டிலும் கேட்க மாட்டார்களே அக்கா, கம்ப்யூட்டரில் அந்தக் கட்டம்தான் முதலில் வருகிறது, அதை அப்படியே படித்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். சரி, இனிமேல் தூரமா என்று கேள் என்று பேசி முடித்தார்கள்.

கேட்டாள். அதில்தான் கூத்தே ஆரம்பித்தது. தூரமா என்றால் தூரந்தான் என்பார்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கீர்த்தி தூரம் என்றே எழுதி கலைச்செல்வனுக்கு அனுப்புவாள். ஆள் சேர்ந்துவிட்டது. எந்த ஆளை எங்கே இறக்குவது என்றுதான் அவனுக்குத் தெரியாது.

ஆடி பாதி போயிருக்கும். ஐசக் சார் தாமே வண்டியில் வந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்று முன் இருக்கையில் ஏறிக்கொண்டார். அன்றைக்கு மலர்க்கொடி, இருசப்பன், நான், மூன்று பேர். நான் கோயிலுக்குக் கட்டுகிற மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு, பையில் புளிசாதம் வைத்திருந்தேன். கூட்டு ரோடு வந்தது. ஒரு பக்கம் போனால் உத்திரமேரூர், இன்னொரு பக்கம் காஞ்சிபுரம். கலைச்செல்வன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்தான்.

ஏன் நிறுத்தினாய் என்றார் ஐசக். அக்கா உத்திரமேரூர் போக வேண்டும், மற்ற இரண்டு பேரும் தூரம் சார் என்றான்.

"எவ்ளோ தூரம்?"

"அது கேக்கக் கூடாது சார்."

ஐசக் திரும்பி எங்களைப் பார்த்தார். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். இருசப்பன் தன் ஊன்றுகோலைப் பார்த்தான். அவர் கேட்டிருந்தால் நான் இறங்கித் தண்ணீர் குடிக்கப் போயிருப்பேன், அது நிச்சயம். ஆள் இல்லாமல் ஓட்டியது ஒரு கஷ்டம், ஆளை வைத்துக்கொண்டு ரோட்டில் நிற்பது அதை விடப் பெரிய கஷ்டம் என்று அவர் மெதுவாகச் சொன்னார். அந்த மெதுவைக் கேட்டதும் மலர்க்கொடி முகம் வெளுத்துவிட்டது. வேலைக்கும் நேரமாகிவிட்டது. கீதா இரண்டு தடவை போன் செய்துவிட்டாள்.

என்னை முறைத்தாள். நான் அசையவில்லை. இவளுக்காக என் கண்ணை விட்டுக் கொடுப்பேன், இதை விட்டுக் கொடுக்க மாட்டேன் என்று அவளுக்கும் தெரியும்.  அப்புறம் வேறு மாதிரிக் குரலில் கேட்டாள்.

"ஆயா, சாயந்திரம் உன்ன எங்கேர்ந்து வூட்டுக்கு இட்டுக்கினு வரணும்?"

"காஞ்சிபுரம் ஓரிக்கை மண்டபத்தாண்டேர்ந்து. என் நாத்தனார் அங்க வருது. நாலு மணிக்கு வா," என்றேன். வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. திரும்பி வருவதைப் பற்றிக் கேட்டால் அதில் என்ன குற்றம்? போகிறவள் நல்லபடியாக வருவாள் என்று சொல்கிற மாதிரி அல்லவா அது.

"இருசப்பண்ணே, உன்ன?"

"பெரியாஸ்பத்திரி கேட்டுல நிப்பேன். மூணு மணிக்கே வந்தாலும் சரி, சும்மா நின்னுக்கினு இருக்கணுமேன்னுதான் பயம்," என்றான்.

கலைச்செல்வன் வண்டியைக் கிளப்பிவிட்டான். மலர்க்கொடியை முதலில் இறக்கி, திரும்பி வந்து எங்கள் இரண்டு பேரையும் ஒரே வழியில் கொண்டுபோனான்.

வழியெல்லாம் ஐசக் திரும்பித் திரும்பி எங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரிச் சொன்னார், கொண்டுபோய் விடுவதைத்தான் நாங்கள் யோசித்தோம், திரும்பக் கூட்டி வருவதை யாரும் கேட்டதே இல்லை என்று. நிஜந்தான். முன்னே வண்டியில் போன ஒன்றிரண்டு பேரும் சாயங்காலம் திரும்ப வழியில்லாமல் ஆட்டோ பிடித்து, அதோடு வண்டியையே மறந்தவர்கள். அங்கிருந்தே கீர்த்தியைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் முதல் கட்டத்தை மாற்று, எங்கிருந்து, எத்தனை மணிக்கு வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும் என்று கேள் என்றார்.

முடிவு மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை. சாயங்காலம் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் தெருவில் விட்டார்கள். ஐசக் இறங்கி நின்று, சரிம்மா, நான் போறேன் என்றார். மலர்க்கொடி பலகையில் பாதி இறங்கிக்கொண்டிருந்தாள். கலைச்செல்வன் ஸ்விட்சிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவள் அந்தரத்திலேயே நின்றாள்.

"போறேன்னு சொல்லாதீங்க சார்."

அவர் அவளையும், வண்டியையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"வரேம்மா," என்றார். "வண்டியும் வரும்."

அந்தரத்தில் நின்றபடியே அடித்தாள் ஒரு விசில். ஜெயம்மா அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

இது நடந்து ஆவணியும் புரட்டாசியும் போய்விட்டது. இருசப்பன் புதுக் காலோடு நடந்து பழகுகிறான். என் கண் ஆபரேஷனும் நல்லபடியாக ஆயிற்று. நேற்றுச் சாயங்காலம் மலர்க்கொடி வாசலில் உட்கார்ந்து போனைக் காதில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். விசில் அடித்தாள். கோப விசில். என்னடி என்றேன்.

"நாளைக்கு வண்டிக்குச் சொல்லணும் ஆயா. எப்போ போட்டாலும் லைன் பிஸியாவே கீது," என்றாள். சொல்லிவிட்டு மறுபடி ஒரு தடவை போட்டாள். அப்போதும் கிடைக்கவில்லை. இந்தத் தடவை விசில் வேறு மாதிரி வந்தது.