பிளாஸ்டிக் உறை மேல் ஒரு கையெழுத்து

பேருந்துக்கு நேரமிருப்பதால் புக்கிட் ரோத்தான் புத்தகக் கடைக்குள் நுழைகிறேன். உள்ளூர் நாவலாசிரியர் வாசகர்களைச் சந்திக்கிறார். வலைப்பதிவர்கள் ஒன்பது பேர், கைப்பேசிகள் பதினொன்று, பிளாஸ்டிக் உறை கிழித்த பிரதி ஒன்றுகூட இல்லை.

"கதையோட கடைசியில அந்தப் பொண்ணு தோட்டத்துக் கணக்கெழுதுற கிராணிய மன்னிச்சது சரிதானா? சொல்லுங்க," என்று அந்த நாவலை ஆறு வருடம் எழுதியவர் ஆவலோடு கேட்கிறார். எல்லாரும் தட்டில் வந்த கறிபாப் பலகாரத்தைக் கவனிக்கிறார்கள்.

"படிக்கலையா?" என்று பக்கத்துப் பதிவரிடம் கேட்கிறேன்.

"ரிவியூ நேத்தே போட்டுட்டேன் லா, அக்கா. கிழிச்சா போட்டோ அழகா இருக்காது."

அவள் பிரதியை நீட்டுகிறாள். "சார், மேலயே சைன் போடுங்க."

அவர் ஒரு கணம் தயங்கி, உறைமீதே போடுகிறார். படம் எடுப்பதற்குள் மை அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொள்கிறது. விரலையும் உறையையும் டிஷ்யூவால் துடைத்துவிட்டு, 'மறக்க முடியாத சந்திப்பு' என்று பதிவிடுகிறாள்.