குழாயின் வாய்

சிம்மக்கல் பைப் கடையில் காவலுக்கு இருந்தவர் நரைமீசைக்காரர், விறைப்பான ஆள். அடுக்கி வைத்த குழாய்களின் வாய்க்கு நேரே அவர் நடந்து நான் பார்த்ததில்லை. பின்பக்கமாகச் சுற்றித்தான் போவார்.

எழுமலைத் தோட்டத்தின் ஆழ்துளைக் கிணற்றுக்குக் குழாய் வாங்கப் போனபோது, எங்கள் பக்கத்து வழக்கப்படி, வளைவு இருக்கிறதா என்று ஒரு குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்த்தேன். தோளைப் பிடித்து இழுத்துத் தள்ளினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"வெறும் பைப்புதானண்ணே!"

"தெரியும் தம்பி. உடம்பு கேக்க மாட்டேங்குது," என்றார். "விமானப்படையில இருந்தேன். ஹெலிகாப்டர் மூக்குல நாலு குழல் துப்பாக்கி. சுத்திக்கிட்டே சுடும். அதுல குண்டு ஏத்தி அனுப்புறது என் வேலை. பெட்டி காலியா திரும்பி வரும். குழல் ஆறுனதும் துடைச்சு வைப்பேன்."

"எங்கண்ணே?"

"இலங்கையில. அமைதிப்படைன்னு நம்ம ஆளுங்க போனப்ப."

நான் குழாயின் வாயை விட்டுத் தள்ளி நின்றேன்.

"சுட்டவருக்குத் தமிழ் தெரியாது தம்பி," என்றார். "எனக்குத் தெரியும்."

வண்டி கிளம்புமுன் குழாய்களின் வாயை அவரே சாக்கால் மூடிக் கட்டினார். தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்தக் கட்டை அவிழ்க்க எனக்கு மனம் வரவில்லை.