கழுவிக் கொண்டுபோன வண்டி

கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு மீன் ஏற்றிப் போகும் எங்கள் பிக்கப் வண்டியில், வழியில் ஸ்டீயரிங்குக்கு முன்னால் இரண்டு மஞ்சள் விளக்குகள் எரியும். ஒன்று கியருக்கு, இன்னொன்று சக்கரம் வழுக்குவதற்கு என்பான் என் மகன் அந்தோணி. மெக்கானிக்கிடம் போனால் இரண்டும் எரியாது.

"லைட்டு உன் கண்ணுலதான் எரியுது மச்சான்" என்று மெக்கானிக் அவனிடம் சிரிப்பார்.

மெக்கானிக்கிடம் போகுமுன் வண்டியைக் கழுவிக் காயவைக்கச் சொல்வது நான்தான். மீன் நாற்றத்தோடு நாலு பேர் முன்னால் நிற்க எனக்குக் கூச்சம்.

ஒரு மழைநாளில் விளக்கு எரிந்தபடியே வண்டி வழுக்கிப் பள்ளத்தில் இறங்கியது. அந்தோணியின் கால் நசுங்கிவிட்டது.

வண்டியை இழுத்துப் போன மெக்கானிக் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

"மீன் பெட்டி உப்புத்தண்ணி சக்கரத்து ஒயர்ல சொட்டுது அத்தே. நனைஞ்சா லைட்டு வருது, வழுக்காம புடிக்கிறது நின்னுபோவுது. காஞ்சா சரியாயிடுது. லோடோட வந்திருந்தா அன்னைக்கே புடிச்சிருப்பேன். எதுக்குக் கழுவினீங்க?"

"நாறுமேன்னுதான் தம்பி..."

"எங்க ஊட்லயும் மீன்தான் திங்கிறோம்."

அந்தோணி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. மீன் கூடையோடு நான் பஸ்ஸில் போகிறேன். ஏறியதும் கடைசி சீட்டுக்குப் போய்விடுகிறேன். அங்கே போ என்று யாரும் சொல்வதில்லை.