கடைசிக் கால்மணி நேரம்

எறிகிறவனின் கை பின்னால் போகும்போதே சித்ராதேவி படத்தை நிறுத்திவிடுவாள். பந்து கையை விட்டுப் போன பிறகு நிறுத்தினால் எல்லோரும் ஓடிக் கலைந்துவிடுவார்களாம்; யார் எங்கே நின்றான் என்று சொல்ல முடியாதாம். நிறுத்தியதும் மூன்று விவரங்களைத் தட்டுவாள்: கடிகாரத்தில் மீதி எவ்வளவு, அணி எத்தனை புள்ளி பின்னால் இருக்கிறது, எறிகிறவன் யார். பிறகு படத்தை ஓடவிடுவாள். தின்கன்ஜூனில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வருகிற காலை ஒன்பது மணி முதல் பகல் ஒரு மணி வரை இதுதான் அவள் வேலை.

மின்சாரத்தை இங்கே தமிழர்களும் பர்மியச் சொல்லால் 'மீ' என்றுதான் சொல்வோம். "மீ வந்துருச்சு" என்று தெருவில் குரல் கேட்டால் மற்ற வீடுகளில் தண்ணீர் மோட்டாருக்கு ஓடுவார்கள். இவள் லேப்டாப்புக்கு ஓடுவாள். மோட்டாரை நான் போட்டுவிடுவேன்.

நான் அந்த வீட்டுக்குப் போவது அவளுடைய அண்ணன் நல்லப்பனைப் பார்த்துக்கொள்ள. டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் விழவில்லை. சித்ராதேவிக்கு ஐம்பத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இருபத்தைந்து வருடம் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுத்தாள். தெருவில் அவளை இன்னும் 'சயாமா', அதாவது டீச்சர், என்றுதான் கூப்பிடுகிறார்கள். படித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். வகுப்பு காலியாயிற்று. போனவர்களில் ஒருத்தி சிங்கப்பூரிலிருந்து இந்த வேலையை வாங்கிக் கொடுத்தாள்.

வேலை என்னவென்றால், அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களின் பதிவைப் பார்த்து விவரம் எழுதுவது. பெயர்தான் கால்பந்து, பெரும்பாலும் கையால்தான் எறிகிறார்கள். எறிந்து அணியை நடத்துகிறவனுக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். ஆட்டம் நான்கு கால்மணி நேரம். கடைசிக் கால்மணியில் தோற்றுக்கொண்டிருக்கும் அணியை எந்தக் குவார்ட்டர்பேக் எத்தனை தடவை மீட்டு ஜெயிக்க வைத்தான் என்று எட்டுப் பேரை ஒப்பிட்டுப் பட்டியல் தர வேண்டும். அவள் மைதானத்தையோ அந்தப் பந்தையோ நேரில் பார்த்ததில்லை. நல்லப்பன் அதைச் சொல்லிக் காட்டாத நாள் கிடையாது.

"ஒரு நாளாவது அந்தப் பந்தைத் தொட்டிருக்கியா நீ?"

"நீங்க தொட்டிருக்கீங்களா அண்ணே?"

"நான் டாக்ஸி ஓட்டினவன். நீதான் பந்துக்கு வாத்தியாரு."

கட்டிலில் படுத்தபடி நல்லப்பனும் படம் பார்ப்பார்; எட்டுப் பேருக்கும் அண்ணனும் தங்கையும் பெயர் வைத்திருக்கிறார்கள். நல்லப்பனின் ஆள் தாடி. முப்பத்துநாலு தடவை தோல்வியிலிருந்து மீட்டவன் என்று பத்திரிகைகள் எழுதுகிறவன். அவளுக்குப் பிடித்தவன் சின்னவன். உயரம் குறைவு, பெயரும் அவ்வளவு பெரிதில்லை, பதினெட்டுத் தடவை மீட்டிருக்கிறான். முப்பத்துநாலு எங்கே, பதினெட்டு எங்கே என்று நல்லப்பன் ஒரு நாள் கட்டிலைத் தட்டினார்.

"எத்தனைக்கு எத்தனை?" என்றாள் அவள்.

இதை எல்லாவற்றுக்கும் கேட்பாள். ராசியான டாக்டர் என்று யாராவது சொன்னால் கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரி கனவில் வந்த எண் லாட்டரியில் விழுந்தது என்றால் கேட்பாள். அன்று பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி, மருந்து அட்டையின் பின்பக்கத்தில் எழுதியே காட்டினாள். தாடியின் அணி கடைசிக் கால்மணியில் பின்தங்கிய ஆட்டங்கள் தொண்ணூற்றேழு. சின்னவனுக்கு நாற்பத்தொன்று.

"தொண்ணூத்தேழு தடவை குழியில விழுந்துட்டு முப்பத்துநாலு தடவை ஏறியிருக்கான். இவன் நாப்பத்தொண்ணுல பதினெட்டு. ஏறினதை மட்டும் எண்ணுறாங்க. விழுந்ததை யாரு எண்ணுறது?"

எனக்கு அது உடனே புரிந்தது. நான் பயிற்சி எடுத்த இடத்தில், விழுந்த நோயாளியைத் தூக்குவதில் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கிய ஒருத்தி இருந்தாள். அவள் வார்டில்தான் அதிகம் பேர் விழுந்தார்கள்.

விழுந்த கணக்கை யாரும் சித்ராதேவியிடம் கேட்கவில்லை. தானாகவே ஒரு பத்தி சேர்த்து அனுப்பினாள். வேலை கொடுத்த கம்பெனிக்காரர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஆனால் பிழை இருந்தால் விடமாட்டார்கள். அவள் வேலையைச் சரிபார்க்கிற சுரேந்திரன் சிங்கப்பூரில் இருக்கிறான். போனில் மட்டும் பழக்கம். அவன் பிழை கண்டால் சிவப்புக் குறி. தானாகத் திருத்திச் சொன்னால் குறி இல்லை. மூன்று சிவப்பு விழுந்தால் வேலை போய்விடும். ஆரம்பத்தில் பழக்கமில்லாமல் அவள் இரண்டு வாங்கிவிட்டாள். அந்த வீட்டில் அரிசியும், நல்லப்பனின் மாத்திரையும், நானும் இந்த வேலையில்தான் ஓடுகிறோம்.

மூன்றாவது போன மாதம் ஒரு திங்கட்கிழமை மாலை வந்தது. தாடியின் ஓர் ஆட்டம். பத்திரிகைகள் எல்லாம் அதை அவன் மீட்ட ஆட்டம் என்று எழுதியிருக்க, இவள் இல்லை என்று சுழி போட்டிருந்தாள். மீட்டுத் தரும் புள்ளி விழும்போது குவார்ட்டர்பேக் மைதானத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொடுத்த விதி. சுரேந்திரன் குரல் நல்ல குரல்தான்.

"மிஸ், அது எல்லாருக்கும் தெரிஞ்ச மேட்ச். நாளைக்கு சிங்கப்பூர் டைம் அஞ்சு மணிக்குள்ள ஒண்ணுன்னு மாத்திடுங்க. நான் சிவப்பை எடுத்துடறேன். இல்ல நீங்க சொல்றதுதான் சரின்னா எழுதி அனுப்புங்க, நான் மேல அனுப்பறேன். அவங்க ஒத்துக்கலைன்னா அப்புறம் என் கையில இல்ல."

நாளைக்குக் காலை மீ வந்ததும் படத்தைப் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்றாள். மறுநாள் மீ வரவில்லை. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. லேப்டாப்பில் உயிர் இல்லை. போனில் போட்டுப் பார்த்தாள். படம் வராமல் வட்டம் மட்டும் சுற்றியது. சார்ஜ் ஒன்பது சதவீதம். சிங்கப்பூரில் ஐந்து என்றால் இங்கே மூன்றரை. பதினொன்றரைக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

"மாத்திடேன் தங்கச்சி," என்றார் நல்லப்பன். "ஒரே ஒரு ஒண்ணுதானே. தாடிக்குப் போனா யாரு அழப்போறா?"

"அவன் உள்ள இல்ல அண்ணே."

"நீ பாத்தியா?"

ஒரு நாளைக்கு இருநூறு தடவை படத்தை நிறுத்துகிறவள். என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நான் பாத்தேனா, பாத்ததா நினைச்சுக்கிட்டேனான்னு இப்ப தெரியல."

இரண்டு மணிக்குப் போனை எடுத்து, மாற்றிவிடுகிறேன் என்று தட்டினாள். அனுப்பவில்லை, கட்டைவிரல் அதன்மேல் நின்றது. நான் நல்லப்பனைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் சுவரைப் பார்த்தபடி பேசினார்.

"அவன் உக்காந்துதான் இருந்தான்."

"யாரு?"

"தாடிதான். பெஞ்சில. தோத்தாச்சுன்னு துண்டால மூஞ்சியை மூடிக்கிட்டான். எதிர்க்கட்சிக்காரன் எறிஞ்ச பந்தை இவன் கட்சி ஆளு ஒருத்தன் நடுவுல பிடுங்கி ஓடிப் புள்ளி வாங்கினான். இவன் தலையே தூக்கல. எனக்கு எரிச்சல். வெக்கங்கெட்டவனேன்னு கத்தினேன். கஞ்சி புரையேறிச்சே, நர்சம்மா, ஞாபகம் இருக்கா?"

எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகத்தை நம்பக் கூடாது என்றுதான் நோட்டு வைத்திருக்கிறேன். புரையேறினால் என்ன செய்துகொண்டிருக்கும்போது ஏறியது என்று டாக்டர் கேட்பார். பேசிக்கொண்டே விழுங்கியிருந்தால் என்ன பேச்சு என்பதையும் எழுதிவிடுவேன். பக்கத்தைத் தேடி எடுத்தேன். பன்னிரண்டாம் தேதி, காலை பதினொன்று பத்து. கஞ்சி புரையேறியது. காரணம்: தாடி என்பவர் முகத்தை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாகச் சத்தம் போட்டது. தலையைத் தூக்கி உட்கார வைத்தேன். ஐந்து நிமிடத்தில் மூச்சு சீரானது.

சித்ராதேவி நோட்டை வாங்கி இரண்டு தடவை படித்தாள். தேதியைத் தன் தாளோடு ஒப்பிட்டாள். அதே நாள் எழுதிய ஆட்டம்தான். போனில் தட்டியதை அழித்தாள். குடையை எடுத்துக்கொண்டு, பேட்டரி வைத்திருக்கும் ஷாஹுலின் போன் ரிப்பேர் கடைக்கு நடந்தாள்.

மூன்று பத்துக்குத் திரும்பி வந்தாள். "அனுப்பிட்டேன்," என்றாள்.

"என்ன எழுதினே?"

"அவன் உள்ள இல்லைன்னு எழுதினேன். சாட்சி மூணு பேருன்னு எழுதினேன்."

"நானுமா?"

"நீங்கதான் முதல் ஆளு."

வேலை போனால் திரும்ப டியூஷன் ஆரம்பிக்கலாம் என்றும், தானே முதல் மாணவனாகச் சேருவதாகவும் நல்லப்பன் சொன்னார். அவள் சிரித்தாள். ஆனால் வைத்த இட்லியைச் சாப்பிடவில்லை. சாப்பிடாமல் இருந்தால் சிவப்பு வெளுக்காது என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் டிரான்ஸ்ஃபார்மரைச் சரி செய்துவிட்டார்கள். ஒன்பது மணிக்கு மீ வந்தது. நான் மோட்டாரைப் போட்டுவிட்டு வரும்போது அவள் நின்றபடியே திரையைப் படித்துக்கொண்டிருந்தாள்.

"உக்காந்து படி," என்றேன்.

உட்கார்ந்து, உரக்கப் படித்தாள். "மிஸ், மேல உள்ளவங்க வீடியோ பார்த்தாங்க. நீங்க சொன்னதுதான் சரி. சிவப்பு எடுத்தாச்சு. அந்த விழுந்த கணக்குப் பத்தியை எட்டுப் பேருக்கும் போடச் சொன்னாங்க."

தோளிரண்டும் காதுக்குப் பக்கத்திலிருந்து கீழே இறங்குவதைப் பார்த்தேன். இரண்டு நாளாக அங்கேதான் இருந்தன. முந்தின நாள் பால் குடித்த டம்ளரைக் கழுவாமலே நான் அவசரத்தில் காப்பியை ஊற்றிக் கொடுத்ததைக்கூடக் கவனிக்காமல் ஒரே மூச்சில் குடித்தாள்.

"அப்ப தாடிக்கு ஒண்ணு குறையுது," என்றார் நல்லப்பன்.

"குறையுது அண்ணே. தொண்ணூத்தேழுக்கு முப்பத்துமூணு."

"குறையட்டும். நீ இருக்கேல்ல வேலையில." பிறகு, சும்மா இருக்க முடியாமல், "உன் சின்னவன் மட்டும் யோக்கியனாக்கும்," என்றார்.

அவள் சின்னவனின் பதினெட்டு ஆட்டங்களையும் முதலிலிருந்து போட்டாள். கடைசிக் கால்மணியை மட்டும் ஓடவிட்டு, நிறுத்தி, ஓடவிட்டு. பதினொன்றாவது ஆட்டத்தில் நெடுநேரம் நிறுத்தி வைத்திருந்தாள். எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து யாரோ ஒருவன் மைதானம் முழுக்க ஓடியிருந்தான். சின்னவன் கோட்டுக்கு வெளியே தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

எழுந்து, லேப்டாப்பை அண்ணனின் கட்டிலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்க, பதினெட்டை அழித்துவிட்டுப் பதினேழு என்று தட்டினாள்.